கொக்கியைச் சுற்றிய சிவப்பு நூல்

புது ட்ரெய்லர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் புருஷனோடு நான் பேசுவதில்லை. கஞ்சி ஊற்றி வைப்பேன், கருவாடு சுட்டு வைப்பேன், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

போன வாரக் கதையைப் படிக்காமல் விட்டவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. எங்கள் தெருப் பெண்களைத் தையல் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போய்க் கூட்டி வரும் வேலை என் புருஷன் விசாலின் தலையில் விழுந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி விசால் பெண் வீட்டோடு வந்துவிட்ட மாப்பிள்ளை. பைக் அவருடையது, பனோம்பென் நகரத்தில் கட்டடச் சாரம் ஏறிச் சம்பாதித்து வாங்கியது. அதன் பின்னால் மாட்டி ஆட்களை ஏற்றும் ட்ரெய்லர் அப்பாவுடையது. அந்தப் பழைய ட்ரெய்லரின் அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டையாகி ஒரு பெண்ணின் செருப்பு வழியில் விழுந்து தொலைந்தது. அதனால் புதிது வாங்க மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து போனார்கள்.

போகும்போது நான் படித்துப் படித்துச் சொன்னேன். நானும் ஒரு ட்ரெய்லர்காரன் மகள்தான். அதைக் கழுவி, கிரீஸ் வைத்து, டயருக்குக் காற்றடித்து வளர்ந்தவள். தட்டு தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் சாயும். சக்கரம் நடுவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி இருக்க வேண்டும். பாரம் முன்னால் விழுந்தால்தான் பைக்கின் பின்சக்கரம் ரோட்டைப் பிடிக்கும், பின்னால் விழுந்தால் பைக்கையே தூக்கிவிடும். பைக் டயர் அளவிலேயே டயர் வேண்டும், ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். பைக்கையும் ட்ரெய்லரையும் கோக்கும் கொக்கி போல்ட் தடியாக, புதிதாக இருக்க வேண்டும். அது விட்டுப் போனாலும் வண்டியை இழுத்துப் பிடிக்க ஒரு சங்கிலி வேண்டும்.

வந்தது என்ன தெரியுமா? கூரையைச் சுற்றி மஞ்சள் குஞ்சம். பக்கவாட்டில் தாமரைப் படம். பச்சையும் சிவப்புமாக மினுக்கும் விளக்கு. சங்கிலியைக் காணோம். கேட்டதற்கு, “அப்புறம் போட்டுக்கலாம்” என்றார் விசால். அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சை.

அதற்கு மேல் அம்மா, கோயிலில் சடங்குகளை நடத்தும் ஆச்சாரைக் கூட்டி வந்து வண்டிக்குச் சடங்கு செய்துவிட்டாள். வாழைப்பழம், ஊதுபத்தி, மல்லிகைத் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. வழக்கமாகச் சிவப்பு நூலை ஹேண்டில்பாரில்தான் கட்டுவார்கள். ஆச்சார் கொக்கி போல்ட்டில் மேலிருந்து கீழ்வரை இரும்பே தெரியாமல் சுற்றிவிட்டுப் போனார். அது தானாக இற்று விழும் வரை யாரும் கை வைக்கக் கூடாதாம். அங்கே கட்டச் சொன்னது யார் என்று அப்போது நான் கேட்கவில்லை.

இன்று காலை, பெண்கள் வந்து சேருமுன் விசால் வண்டியைத் தெருப்பக்கம் இழுத்தார். ‘டக்’ என்று ஒரு சத்தம். நிறுத்தினார், மறுபடியும் ‘டக்’. கொக்கியிலிருந்துதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசுவதில்லை என்ற வைராக்கியமெல்லாம் அங்கேயே போயிற்று.

“என்ன சத்தம் அது?”

“எது?”

“காது அடைச்சுப்போச்சா? கொக்கில டக்னு கேக்குதே.”

“புது இரும்பு. ஓட ஓட சரியாயிடும்.”

“புது இரும்பு ஏன் ஆடணும்? ஆடக் கூடாதுன்னுதானே புதுசு வாங்கறது?” கிரீஸ் டப்பாவோடு நான் குனிந்தேன். சிவப்பு நூல்தான் கண்ணில் பட்டது. எங்கே கிரீஸ் வைப்பது, எதைப் பார்ப்பது?

“கனிதா! கையை எடு!” மாடிப்படியில் நின்று அம்மா கத்தினாள். “நூல்ல எண்ணெய் பட்டா தோஷம்!”

“எண்ணெய் படலைன்னா போல்ட் தேஞ்சு போகும்மா.”

“இப்பதான் போட்ட போல்ட் அதுக்குள்ள தேயுமா? உனக்கு எதுக்கெடுத்தாலும் குத்தம் கண்டுபிடிக்கணும்.”

விசால் பைக் சீட்டுக்கடியில் தொங்கும் தண்ணீர் கேனை நிரப்பிக்கொண்டிருந்தார். சூடேறும் இன்ஜின் மேல் சொட்டுச் சொட்டாக விழ வேண்டிய தண்ணீர் அது. ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மட்டமான போல்ட்டைப் போட்டுட்டு நூலைச் சுத்தி மறைச்சிட்டீங்க. அதானே?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், மேலே அம்மாவைப் பார்த்ததும் முழுங்கிவிட்டார்.

“குஞ்சத்துக்குக் காசு இருந்துச்சு, சங்கிலிக்கு இல்ல. வெக்கமா இல்ல உங்களுக்கு?”

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். தூக்குவாளியும் தொப்பியுமாகச் சளசளவென்று ஏறினார்கள். குஞ்சத்தைப் பிடித்து இழுத்து, “கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்குக்கா!” என்று ஒருத்தி சிரித்தாள். கடைசியாக வந்தவள் என் தங்கச்சி மாலியா. வயிற்றில் பிள்ளை. போன வருஷம் ஒன்று கலைந்து, அவள் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. குலுக்கல் குறைவு என்று முன்பலகையில் அவளுக்கு எப்போதும் இடம் விட்டிருப்பார்கள். முன்பலகை என்றால் கொக்கிக்கு நேர் பின்னால்.

“மாலியா, இன்னிக்கு ஒரு நாள் போகாதேடி.”

“லீவு போட்டா சம்பளத்துல பிடிப்பான்க்கா.” அவள் குனிந்து கொக்கியைப் பார்த்தாள். நூலைப் பார்த்ததும் கும்பிட்டாள். “இதோ, கட்டியிருக்காங்களே. அப்புறம் என்ன பயம்?”

வண்டி கிளம்பியது. ‘டக்’கென்று ஒரு சத்தம் எழுந்து பெண்கள் சிரிப்பில் அமுங்கிப் போயிற்று.

வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரிசி களையப் போய்த் தண்ணீரோடு அரிசியையும் கொட்டிவிட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக ஹெங்கின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். ட்ரெய்லரைச் செய்து கொடுத்தவன் அவன்தான். முகத்துக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தவன், வா என்றுகூடச் சொல்லவில்லை.

“ஹெங் அண்ணே, மனுஷங்க ஏறுற வண்டின்னு தெரியுமில்ல? எந்தக் குப்பையிலிருந்து பொறுக்கின போல்ட்டை மாட்டி விட்டே?”

“என்ன சொன்னே?” எழுந்துவிட்டான். “இங்க வா. இங்க வந்து பாரு.”

சுவர் ஆணியில் ஒரு போல்ட் தொங்கியது. தடியாக, புத்தம் புதிதாக. பக்கத்திலேயே ஒரு சங்கிலி.

“இது ரெண்டும் உங்க வண்டிக்குப் போட்டது. உங்கப்பாதான் கழட்டச் சொன்னாரு. பழைய வண்டி போல்ட்டைத் துண்டுல சுத்தி இடுப்புல செருகிக்கிட்டு வந்திருந்தாரு. இதுதான் ராசி, இத்தனை வருஷமா என்னைக் கைவிடலை, இதையே போடுன்னாரு. ஓட்டை பெருசு, போல்ட் சின்னது, ஆடும்னேன். சங்கிலியாவது இருக்கட்டும்னேன். சங்கிலி போட்டா ராசியை நம்பலைன்னு ஆகுமாம். நான் என்ன செய்ய? அவர் தலைநரைச்ச மனுஷன்.”

கொக்கியில் நூலைச் சுற்றச் சொன்னதும் அப்பாதான் என்று அப்போதுதான் புரிந்தது. காலையிலிருந்து நான் யாரைக் கரித்துக்கொட்டினேன்!

“அப்ப என் புருஷன்?”

“பக்கத்துலதான் நின்னாரு.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“ஒரு தடவை ‘மாமா’ன்னு ஆரம்பிச்சாரு. உங்கப்பா திரும்பிப் பார்த்தாரு. அதோட சரி. கல்லு மாதிரி நின்னாரு.”

நல்லவேளை நம் புருஷன் ஏமாற்றவில்லை என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் இரண்டு மடங்காயிற்று. தெரியாமல் செய்கிறவனையாவது திட்டித் திருத்தலாம். தெரிந்துகொண்டு வாயை மூடியிருக்கிறவனை என்ன செய்வது?

“அண்ணே, சுத்தியலை எடு. போல்ட், சங்கிலி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வா.”

“உங்கப்பா என்னைக் கொன்னுடுவாரு.”

“வரலைன்னா நான் கொன்னுடுவேன்.”

முனகிக்கொண்டே வந்தான்.

காலையில் பெண்களை இறக்கிவிட்டு விசால் திரும்பியிருந்தார். ட்ரெய்லர் வாசலில் நின்றது. தூண்கள் மேல் நிற்கும் எங்கள் வீட்டுக்கடியில், நிழலில், அப்பா கயிற்று ஏணையில் படுத்திருந்தார். நான் நேரே அடுப்படிக்குப் போய் மீன் நறுக்கும் கத்தியை எடுத்து வந்தேன்.

“ஏய்! என்னடி பண்ணப் போறே?” அம்மா ஓடி வந்தாள்.

நான் குனிந்து நூலுக்குள் கத்தியை விட்டு ஒரே இழுப்பு. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு அலறினாள். அப்பா ஏணையிலிருந்து இறங்க முயன்று, முழங்கால் ஒத்துழைக்காமல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஹெங் தட்டித் தட்டி போல்ட்டை வெளியே எடுத்தான். ஒரு பக்கம் தேய்ந்து நடுவில் இடுப்பு மாதிரி ஒட்டியிருந்தது. அந்த ஒட்டிய இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, பாதி சுற்றளவுக்கு ஓடியது. கோட்டுக்குள் துரு கறுத்திருந்தது. நேற்று வந்த விரிசல் இல்லை அது.

“பாருங்கப்பா. நல்லாப் பாருங்க.”

“அது கோடு. தேஞ்ச கோடு,” என்றார் அப்பா.

ஹெங் போல்ட்டைக் கல்லில் சாய்த்து வைத்து ஒரு அடி அடித்தான். இரண்டாகத் தெறித்தது.

அப்பா இப்போதாவது, ‘தப்புதாம்மா’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னார்!

“நூலை வெட்டினதாலதான் உடைஞ்சுது.”

“என்னது?”

“நூல் இருந்த வரைக்கும் உடைஞ்சுதா? காலைல எல்லாரையும் பத்திரமா இறக்கி விட்டுட்டு வந்துச்சா இல்லையா? உன் கை பட்டதும் போச்சு.”

“அதானே,” என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பாவைத் திட்ட வாய் வரவில்லை. அந்த ஆத்திரமும் சேர்ந்து விசால் பக்கம் திரும்பியது. மரியாதை எங்கோ பறந்துவிட்டது.

“நீ சொல்லு. பட்டறையில நீதானே பக்கத்துல நின்னே? பழைய போல்ட்டுன்னு உனக்குத் தெரியும். காலைல கேட்டேன், புது இரும்புன்னு என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னே. அந்த போல்ட்டுக்குப் பின்னாடி என் தங்கச்சி வயித்துப் பிள்ளையோட உட்கார்ந்திருந்தா. ஓட்டினவன் நீ. உனக்கு நாக்கு இல்ல?”

“இருக்கு.” விசால் என் முன்னால் வந்து நின்றார். “இந்த வீட்ல அதை எங்க வெக்கிறதுன்னுதான் தெரியலை. சங்கிலி வேணும்னு நான் வழியெல்லாம் கேட்டேன். ‘என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு என் ராசியைச் சந்தேகப்படறியா’ன்னு உங்கப்பா கேட்டாரு. உங்கிட்ட சொல்லியிருந்தா? உங்கப்பா செஞ்சதுன்னு சொன்னா நீ நம்பியிருப்பியா? நான்தான் மட்டமானதைப் போட்டேன்னு காலைல தீர்ப்பே சொல்லிட்டியே!”

அவர் சொன்னது சரிதான் என்பதே எனக்குக் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தையும் அவர் மேலேயே போட்டேன்.

“மாப்பிள்ளை,” என்றார் அப்பா, தூணைப் பிடித்தபடியே. “வாய் நீளுது. ட்ரெய்லர் என்னுது. பிடிக்கலைன்னா கழட்டி விட்டுட்டுப் போங்க.”

“போறேன். பைக் என்னுது.”

கொக்கியில் போல்ட் இல்லையே, கழட்ட என்ன இருக்கிறது? விசால் பைக்கை முன்னால் தள்ளியதும் ட்ரெய்லரின் முன்தண்டு தொப்பென்று மண்ணில் குத்தி நின்றது. சாவியைப் போடப் போனவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“பைக் உன்னுது, ட்ரெய்லர் அவரோடது. சாயங்காலம் ஃபேக்டரி கேட்டுல வந்து நிக்கப் போற பொண்ணுங்க யாரோடது?”

அவர் என் கையை உதறினார். சாவியைத் தரையில் வீசிவிட்டுச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போனால் பனங்கள் கடையும் உண்டு, பனோம்பென் பஸ்ஸும் உண்டு.

ஹெங் புது போல்ட்டை மாட்டி, சங்கிலியைக் குறுக்கே கோத்துக் கொடுத்தான். நான் கிரீஸ் அப்பி, முன்தண்டைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை. சக்கரத்தைச் சுற்றி விட்டு பேரிங்கையும் காது வைத்துக் கேட்டேன். சாயங்காலம் தண்ணீர் கேனை நிரப்பிவிட்டு நானே பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். வயல் வரப்போரம் அப்பாவின் வண்டியை ஓட்டிப் பழகியவள்தான் நான். மெயின் ரோட்டில் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. வளைவுகளை அகலமாக எடுத்து, பிரேக்கை முன்கூட்டியே தொட்டுத் தொட்டுப் போய்ச் சேர்ந்தேன்.

தொழிற்சாலை வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. வேலை முடிந்து பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் கைதட்டிச் சிரித்தார்கள்.

“அட, கனிதாக்கா ஓட்டிட்டு வந்திருக்காங்க!”

“விசால் அண்ணன் எங்கே? தூங்கிட்டாரா?”

பிறகு ஒருத்தி கொக்கியைப் பார்த்தாள். “நூல் எங்கேக்கா?”

பொய் சொல்லியிருக்கலாம். இற்று விழுந்துவிட்டது என்றால் தீர்ந்தது. ஆனால் பொய் சொல்லிச் சொல்லித்தானே காலையில் இவர்களை ஏற்றி அனுப்பினார்கள்! உடைந்த போல்ட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

“நான்தான் வெட்டினேன். உள்ளே இருந்தது இது. காலைல உங்க எல்லாரையும் இழுத்துட்டு வந்தது இதுதான். இப்ப புதுசு போட்டாச்சு. சங்கிலியும் இருக்கு. ஏறுங்க.”

யாரும் ஏறவில்லை. என் கையிலிருந்த இரும்பை ஒருத்தியும் சரியாகப் பார்க்கவில்லை. முன்தண்டில் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்புத் துணுக்குகளையே பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஆச்சார் கட்டினதை வெட்டிட்டீங்களா?”

“வேற நூல் கட்டினீங்களா?”

“மாலியா ஏறட்டும்,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. “அவ உங்க தங்கச்சிதானே. அவ ஏறினா நாங்களும் ஏறுறோம்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மாலியா அடிவயிற்றில் தூக்குவாளியை அணைத்தபடி நின்றாள். நான் முன்பலகையைத் துண்டால் துடைத்துக் காட்டினேன்.

“வாடி. ஆட்டிக்கூடப் பார்த்துட்டேன். ஒரு சத்தமில்ல.”

“நான் வரலைக்கா.”

“என்னடி சொல்றே?”

“போன வருஷம் போனது ஒண்ணு போதும். நூல் அறுத்த வண்டில நான் ஏற மாட்டேன். பன்லி வண்டில போறேன்.”

வரிசையின் முன்னால் நின்ற இன்னொரு ட்ரெய்லர்காரன் பன்லியைப் பார்த்தேன். ஆள் ஏற ஏற இன்னும் ஏறு, இன்னும் ஏறு என்று கத்திக்கொண்டிருந்தான். பாதிப் பெண்கள் பின்பலகையில் தொங்கினார்கள். பாரமெல்லாம் பின்னால். அவன் பைக்கின் பின்பக்கம் அப்போதே எழும்பி நின்றது. சங்கிலி என்ற பேச்சே கிடையாது.

“அடிப்பாவி, அவன் கொக்கியை நீ பார்த்திருக்கியா?”

“பார்க்கலை. பார்க்கவும் வேண்டாம்.” அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. “உங்களாலதான்க்கா. இனிமே எந்த வண்டில ஏறினாலும் அந்த உடைஞ்ச போல்ட்தான் எனக்குத் தெரியும். நீங்க பேசாம இருந்திருக்கலாம்.”

அவள் போனாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். பன்லி என்னைப் பார்த்து இளித்தான். “என்னக்கா, கூட்டமெல்லாம் இங்க வந்துடுச்சு?”

அவன் கிளம்பினான். நானும் காலி ட்ரெய்லரோடு பின்னாலேயே கிளம்பினேன். காலி வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளிக் குதித்தது. அவன் வண்டி பாம்பாட்டம் நெளிவது பின்னாலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. முன்பலகை ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் மாலியா பின்ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் வேகம் கூட்டிப் பக்கத்தில் போனேன். “டேய் பன்லி! மெதுவாப் போடா! பாரத்தை முன்னாடி மாத்துடா!”

காற்றில் அவனுக்கு என்ன கேட்டதோ. போட்டிக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டான். பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். பின்பலகையில் தொங்கிய பெண்கள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். மாலியா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

நான் நெருங்க நெருங்க அவன் இன்னும் வேகமாகப் போனான்.

பிரேக்கை மிதித்தேன். நான் துரத்தாவிட்டாலாவது அவன் வேகத்தைக் குறைக்கட்டும். ரோட்டோரம் ஒதுங்கி இன்ஜினை அணைத்தேன். என் தங்கச்சி புழுதிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.